கரண்ட் பில், கரண்ட் கட்: மதுரையில் எந்தச் சேதிக்கு எந்த வழி?

மின்வாரியத்திடமிருந்து ஒரு வீட்டுக்குத் தெரியவேண்டிய சேதிகள் நான்குதான். பில் எவ்வளவு, கடைசி நாள் எது? நாளைக்கு மின்தடை உண்டா? இப்போது போன கரண்ட் எப்போது வரும்? கொடுத்த புகார் என்ன ஆயிற்று? இவற்றைத் தெரிந்துகொள்ள குறுஞ்செய்தி, செயலி, இணையதளம், மின்னகம் என்ற தொலைபேசிப் புகார் மையம், பிரிவு அலுவலகம், நாளிதழ், தெரு வாட்ஸ்அப் குழு என்று ஏழு வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இருந்தும், முந்தின நாள் மோட்டார் போடாமல் விட்டுக் காலை 9 மணிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் வீடுகளைப் பார்க்கிறோம். ஒவ்வொரு வழியும் ஒரு சேதிக்குக் கெட்டி, இன்னொன்றுக்குச் சொத்தை. எது எதற்கு என்று பிரித்து வைத்துக்கொள்ளாததுதான் கோளாறு.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு விவரங்கள் கையில் இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் ஏழு வழியும் வீண்.

முதலாவது மின் இணைப்பு எண். அதன் முதல் இரண்டு இலக்கம் மண்டலம். மதுரை மண்டலத்துக்கு 05. அடுத்த மூன்று இலக்கம் உங்கள் பிரிவு அலுவலகம், அதற்கடுத்த மூன்று பகிர்மானம், கடைசியில் வருவது உங்கள் இணைப்பின் எண். பழைய மீட்டர் அட்டையில் கடைசிப் பகுதியை மட்டும் பெரிதாக எழுதியிருப்பார்கள். அதை மட்டும் சொன்னால் புகார் எடுப்பவரால் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. முழு எண்ணையும் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அட்டையைத் தேட முடியாது.

இரண்டாவது பீடர் பெயர். இதைத்தான் பெரும்பாலோர் கேட்டு வைத்துக்கொள்வதே இல்லை. துணைமின் நிலையத்திலிருந்து 11 கிலோவோல்ட் கம்பிகள் பல பிரிவாகக் கிளம்புகின்றன; ஒவ்வொன்றும் ஒரு பீடர். கரண்டை நிறுத்துவதும் விடுவதும் பீடர் கணக்கில்தான். வார்டோ பின்கோடோ தெருப் பெயரோ அங்கே கணக்கில் வராது. ஒரே தெருவில் வடக்குப் பக்கம் ஒரு பீடரிலும் தெற்குப் பக்கம் இன்னொன்றிலும் இருப்பது மதுரையின் பழைய பகுதிகளில் சாதாரணம். 'அனுப்பானடி துணைமின் நிலையம்' என்று அறிவிப்பு வந்தால், அங்கிருந்து கிளம்பும் எல்லாப் பீடரும் நிற்குமா, ஒன்று மட்டுமா என்று பார்க்காமல் உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கும், இருக்காதென்று முடிவுசெய்ய முடியாது. உங்கள் பீடர் பெயரைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். தெருவுக்கு வரும் லைன்மேனுக்கு மனப்பாடமாகத் தெரியும். அப்படியே பக்கத்து டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் தொங்கும் பலகையையும் பாருங்கள். அதில் டிரான்ஸ்பார்மரின் பெயரும் எண்ணும், எத்தனை கேவிஏ, அதாவது அதன் திறன் எவ்வளவு என்பதும் எழுதியிருக்கும். இரண்டையும் மீட்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்தால் வேலை முடிந்தது.

பில் சேதி: குறுஞ்செய்தியா, அட்டையா, பணம் கட்டும் செயலியா?

இதில் முதலிடம் குறுஞ்செய்திக்கே. கணக்கீட்டாளர் ரீடிங் எடுத்துப் பதிவேற்றியதும் எத்தனை யூனிட், எவ்வளவு தொகை, கடைசி நாள் எது என்று வந்துவிடும். பணம் கட்டியதற்கும் செய்தி வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும்.

இதிலுள்ள பெரிய ஓட்டை, இணைப்போடு யாருடைய கைபேசி எண் பதிவாகியிருக்கிறது என்பது. வாடகை வீட்டில் வீட்டுக்காரர் எண்ணுக்குப் போகும். அவர் வெளியூரில் இருந்தால் சேதி அங்கேயே நின்றுவிடும். வாங்கிய வீட்டில் பழைய உரிமையாளர் எண் அப்படியே கிடக்கும். அப்பா காலத்து எண் என்றைக்கோ காலாவதியாகி வேறொருவர் கையில் இருக்கும். எண்ணை மாற்ற மின்வாரியத்தின் (இப்போதைய பெயர் டிஎன்பிடிசிஎல்) இணையதளத்தில் கைபேசி எண் பதிவு செய்யும் பக்கம் உண்டு. இல்லையென்றால் பிரிவு அலுவலகத்தில் அட்டையைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுவதுதான் முறை.

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லையா? அப்போது கூகுள் பே, போன்பே போன்ற செயலி ஒன்றில் இணைப்பு எண்ணைச் சேர்த்துவிடுங்கள். பதிவான கைபேசி எண் யாருடையது என்று அது கேட்காது. பில் ஏறியதும் நினைவூட்டும். வாடகைக்காரருக்கு இதைவிட எளிய வழி கிடையாது. குறை என்னவென்றால், அது பெரும்பாலும் தொகையை மட்டும்தான் காட்டும். எத்தனை யூனிட், முந்தின ரீடிங் என்ன என்பது தெரியாது. கடைசி நாளன்று இரவு கட்டுவதும் வேண்டாம். வங்கியில் பணம் கழிந்து மின்வாரியக் கணக்கில் ஏறாமல் நிற்பது நடக்கக்கூடியதுதான். இரண்டு நாள் முன்னாலேயே கட்டிவிட்டால் அந்தத் தவிப்பு இல்லை. பணம் கழிந்து 'நிலுவை' என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணை வைத்துக்கொண்டு ஒரு நாள் பொறுங்கள். வெளியூர் போகிறவர்கள் முன்பணமாகவே கட்டிவைக்கலாம்.

மீட்டர் அட்டையைப் பழசு என்று பரணில் போட்டுவிடாதீர்கள். ரீடிங்கைச் சரிபார்க்க அது வேண்டும். மீட்டர் திரையில் பல எண்கள் மாறிமாறி ஓடும்; 'கேடபிள்யூஎச்' என்று பக்கத்தில் வரும் எண்தான் உங்கள் ரீடிங். போன முறை 18,432, இந்த முறை 18,921 என்றால் 489 யூனிட். குறுஞ்செய்தியில் அதே எண் இருக்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் முந்தின பயன்பாட்டை வைத்து உத்தேசமாகப் போட்டிருப்பார்கள். அடுத்த முறை இரண்டும் சேர்ந்து வரும்போது நான்கு மாதத்து யூனிட்டை இரண்டு பில்லாகப் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும். பிரிக்காமல் மொத்தமாகப் போட்டிருந்தால் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் திருத்துங்கள்.

ரீடிங் தேதியில் ஏன் இத்தனை கவனம் என்றால், 500 யூனிட் என்ற படி அப்படிப்பட்டது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, மேற்கொண்டு 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டாலோ 101 முதல் 400 வரை முழுக்க 4.50 ஆகிவிடும், 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். தொகை 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் ஏறுகிறது. பிறகு விலை கூடினாலும் படியின் அமைப்பு இதுதான். 60 நாளில் 490 யூனிட் ஓடும் வீட்டில் கணக்கீட்டாளர் மூன்று நாள் தாமதமாக வந்தால் 514 ஆகிவிடும். குறுஞ்செய்தி வந்த தேதியைப் போன முறைத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குத்தான் இது கண்ணில் படும். ரீடிங் நாள் கடந்தும் ஆள் வரவில்லையென்றால் மீட்டர் திரையைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

இணையதளமும் மின்வாரியத்தின் செயலியும் பில் வந்ததைத் தெரிந்துகொள்ள அவ்வளவு உதவாது. நாமாகத் திறந்து பார்க்க வேண்டும். ஆனால் முந்தைய பில்கள், கட்டிய ரசீது, பயன்பாட்டு வரலாறு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஏசி வாங்கலாமா, சூரிய மின்தகடு போடலாமா என்று யோசிக்கும்போது அந்த வரலாறு கைகொடுக்கும்.

நாளைய மின்தடை: நாளிதழா, இணையதளமா, குழுவா?

மாதாந்திரப் பராமரிப்பு என்று சொல்லி நிறுத்துகிறார்களே, அந்த நேரத்தில் கம்பியைத் தொடும் கிளைகளை வெட்டுவார்கள், விரிசல் விட்ட இன்சுலேட்டரை மாற்றுவார்கள், தளர்ந்த ஜம்பரையும் (இணைப்புக் கம்பி) ஏபி சுவிட்சையும் (கம்பத்து சுவிட்ச்) இறுக்குவார்கள், துணைமின் நிலையத்தில் பிரேக்கரையும் டிரான்ஸ்பார்மர் எண்ணெயையும் பார்ப்பார்கள். இதைச் செய்யாவிட்டால் ஆடிக் காற்றில் ஒரு கிளை உரசியே பீடர் முழுக்க விழும், அதாவது கரண்ட் தானாக நின்றுவிடும். ஆகவே மின்தடையைப் பற்றிப் புகார் சொல்ல இடமில்லை. முன்னால் தெரியவேண்டும் என்பதுதான் கேள்வி.

நாளிதழின் மதுரைப் பதிப்பில் முந்தின நாளோ அன்று காலையோ 'இன்றைய மின்தடை' வந்துவிடும். துணைமின் நிலையம், நேரம், பகுதிகள் என்று வரிசையாக இருக்கும். இணையம் பழகாத வீட்டுக்கு இதுதான் வழி. ஆனால் பட்டியல் முடிவில் 'மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்' என்று ஒரு வரி வரும். எல்லைத் தெருக்காரர்களைக் குழப்புவது அந்த வரிதான். பட்டியலில் பெயர் இல்லை என்று நிம்மதியாக இருந்தவர் வீட்டில் கரண்ட் போகும்; பெயர் இருந்த தெருவில் போகாது. இடப்பெயர்களைத் திரட்டி எழுதும்போது பீடர் விவரம் உதிர்ந்துவிடுவதால் வரும் வினை. இன்னொன்று, மழை வந்தோ வேறு காரணத்தாலோ வேலை ரத்தானால் அச்சான தாள் அதைச் சொல்லாது.

இணையதளத்தில் மின்தடை அறிவிப்புக்குத் தனிப் பக்கம் உண்டு. அங்கே வட்டத்தை (தாலுகா அல்ல, மின்வாரியத்தின் நிர்வாகப் பகுதி) தேர்ந்தெடுத்தால் தேதி, ஊர், துணைமின் நிலையம், பீடர், இடம், என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று அட்டவணையாக வரும். பீடர் பெயரோடு வருவது இங்கே மட்டும்தான். எங்கள் தீர்ப்பு தெளிவானது: திட்டமிட்ட மின்தடைக்கு இந்தப் பக்கமே சிறந்த வழி. தவறு நேர்வது வட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். 'மதுரை' என்றும் 'மதுரை மெட்ரோ' என்றும் இரண்டு உண்டு. நகரத்துக்காரர் 'மதுரை'யைத் தட்டிவிட்டு, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பட்டியலைப் பார்த்து 'நம் பகுதி இல்லை' என்று மூடிவிடுகிறார். சந்தேகமிருந்தால் இரண்டையும் பாருங்கள். அரை நிமிட வேலை.

இந்தப் பக்கத்துக்கு ஒரு குறை: அதுவாக நம்மைத் தேடி வராது. வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொண்டு பார்த்தால் வாரம் முழுக்கக் கவலையில்லை.

தெரு வாட்ஸ்அப் குழுவில் வரும் படங்களில் பாதி நாளிதழில் வந்த அதே பட்டியல்தான். பழைய படம் புதிதாகச் சுற்றுவதுதான் ஆபத்து. 'நாளை மின்தடை' என்று மட்டும் இருந்து தேதி இல்லையென்றால் நம்பாதீர்கள். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். போன வருடத்துப் படம் அங்கே மாட்டிக்கொள்ளும். ஆனால் வேலை ரத்தான சேதி முதலில் கிடைப்பது இந்தக் குழுவில்தான், லைன்மேனைத் தெரிந்த ஒருவர் மூலமாக. பிரிவு அலுவலகத்துக்குக் காலை எட்டரை வாக்கில் ஒரு போன் போட்டும் உறுதிசெய்யலாம்.

நேரம் பற்றி ஒன்று. 9 மணி என்று போட்டால் 9 மணிக்கே நிற்கும் என்றில்லை. லைனை நிறுத்த அனுமதி கிடைத்த பிறகுதான் நிறுத்துவார்கள். அது அரை மணி தள்ளலாம். சாயங்காலம் 5 மணி வரை என்று இருந்தாலும் வேலை முடிந்தால் 2 மணிக்கே விட்டுவிடுவார்கள். ஆகவே 'அஞ்சு மணி வரைக்கும் கரண்ட் வராது' என்று நம்பி யாரும் ஸ்விட்ச் போர்டைக் கழற்றி வேலை பார்க்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

முன்கூட்டித் தெரிந்தால் என்ன லாபம் என்பதை இன்வெர்ட்டர் கணக்கில் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட் மணி. முழுக்க வற்றவிடக் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் சேதாரமாகும். கையில் நிற்பது சுமார் 1,000. சாதாரண மின்விசிறி இரண்டும் எல்இடி விளக்கு மூன்றும் சேர்ந்து 180 வாட்டுக்குப் பக்கம். ஐந்தரை மணி நேரம் ஓடும். 9 மணிக்கு ஆரம்பித்தால் இரண்டரை மணிக்குப் பேட்டரி படுத்துவிடும். சரியாக வெயில் உச்சியில் இருக்கும்போது. மத்தியானத்துக்கு வேண்டும் என்று தெரிந்தால் காலையில் ஒரு விசிறியை நிறுத்தி வைக்கலாம். பிஎல்டிசி விசிறி என்றால் ஒன்றுக்கு 30 வாட்தான். அதே பேட்டரி பதினொரு மணி நேரம் தாங்கும். வயதான பேட்டரிக்கு இந்தக் கணக்கில் பாதிகூட வராது.

இப்போது கரண்ட் போய்விட்டது: யாரைக் கூப்பிடுவது?

கூப்பிடும் முன் ஒரு நிமிடம். பக்கத்து வீட்டில் இருக்கிறதா? இருந்தால் உங்கள் எம்சிபியோ ஆர்சிசிபியோ (கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்சுகள்) விழுந்திருக்கும், அல்லது உங்கள் வீட்டுக்கு வரும் பியூஸ் போயிருக்கும். தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு இருட்டாக இருந்தால் ஒரு பேஸ் (மும்முனையில் ஒரு முனை) போயிருக்கிறது. தெருவே இருட்டு, அடுத்த தெருவில் வெளிச்சம் என்றால் டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிருக்கிறது. கண்ணுக்கெட்டும் வரை இருட்டு என்றால் பீடர் விழுந்திருக்கிறது; அதைத் துணைமின் நிலையமே அறியும். பத்து நிமிடம் பொறுத்துக் கூப்பிட்டால் போதும். இந்த நான்கில் எது என்று சொன்னாலே சரியான ஆள் சரியான சாமானோடு வருவார்.

மின்னகம் 2021 ஜூன் 20 அன்று தொடங்கப்பட்டது. எண் 94987 94987, இருபத்துநான்கு மணி நேரமும். மாநிலம் முழுக்க எல்லா அழைப்பும் சென்னையில் எடுக்கப்படுகின்றன. அங்கிருந்து உங்கள் பிரிவுக்குப் போகிறது. எடுப்பவருக்கு மதுரையின் சந்து பொந்து தெரியாது என்பதை மனத்தில் வைத்துப் பேச வேண்டும். உரையாடல் இப்படிப் போனால் ஒரு நிமிடத்தில் முடியும்:

"வணக்கம் சார், மதுரையிலிருந்து பேசுறேன். எங்க தெருவுல ஒரு பேஸ் மட்டும் இல்ல. இருபது நிமிஷமா."

"இணைப்பு எண் சொல்லுங்க."

"ஜீரோ அஞ்சுல ஆரம்பிக்குது, முழுசாச் சொல்றேன், எழுதிக்கோங்க. டிரான்ஸ்பார்மர் பேரும் இருக்கு."

"சொல்லுங்க சார். புகார் எண் மெசேஜ்ல வரும்."

'காந்தி நகர், ரெண்டாவது தெரு' என்று மட்டும் சொன்னால் எந்தக் காந்தி நகர் என்று அங்கே விழிப்பார்கள். புகார் எண்ணை அழித்துவிடாதீர்கள். வேலை முடிந்ததாகச் செய்தி வந்தும் கரண்ட் வரவில்லையென்றால் அந்த எண்ணைச் சொல்லித்தான் மறுபடி திறக்கச் சொல்ல வேண்டும்.

பகலில் பிரிவு அலுவலகம் மின்னகத்தைவிட வேகம். லைன்மேன் எங்கே நிற்கிறார் என்பது அவர்களுக்கே தெரியும். ஆனால் அங்கே சொன்னதற்குப் பதிவு கிடையாது. 'சொன்னேனே' என்று பிறகு நிரூபிக்க முடியாது. ஆகவே ஒரு மணி நேரத்தில் வரவில்லையென்றால் மின்னகத்திலும் பதிந்துவிடுங்கள். இரவில் நேரே மின்னகம்தான்.

காற்றும் மழையும் அடிக்கும் இரவில் மின்னகத்து எண்ணுக்கு மாநிலமே கூப்பிடும். லைன் கிடைப்பது கடினம். அப்போது செயலியில் பதியலாம், காத்திருக்க வேண்டியதில்லை. சாய்ந்த கம்பம், தொங்கும் கம்பி, திறந்து கிடக்கும் பில்லர் பெட்டி (தெருவோர மின்பெட்டி) போன்றவற்றுக்குச் செயலியோ மண்டல வாட்ஸ்அப் எண்ணோ மேல், ஏனென்றால் படம் அனுப்பலாம். படத்தில் கம்பத்தின் எண் தெரியும்படி எடுங்கள். வெறும் கம்பியைப் படம் எடுத்தால் எந்த இடம் என்று தேடுவதிலேயே நேரம் போகும். லோ வோல்டேஜ் பிரச்சினைக்கு எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று மூன்று நாள் குறித்து, எழுத்தில் பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். போனில் சொன்னால் அது பியூஸ் புகாரோடு சேர்ந்து அன்றைக்கே மூடப்பட்டுவிடும்.

கம்பி அறுந்து விழுந்திருந்தால் செயலி வேண்டாம், வாட்ஸ்அப் வேண்டாம், போன் மட்டும். முதல் வார்த்தையாக 'லைன் அறுந்து கிடக்குது' என்று சொல்லுங்கள். காய்ந்த மண்ணில் விழுந்த கம்பியில் மண் வழியாகப் பாயும் மின்னோட்டம் குறைவு. அதனால் பீடர் விழாமலே இருக்கலாம். வீட்டில் விளக்கு எரிகிறது, கம்பியில் பொறி இல்லை என்பதை வைத்து அது செத்த கம்பி என்று முடிவுகட்டக் கூடாது. ஆடு மாட்டையும் பிள்ளைகளையும் பத்து மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள். குச்சியால் தள்ளிவிடப் போனவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

எப்போது வரும் என்ற கேள்விக்கு மட்டும் எந்த வழியிலும் கெட்டியான பதில் கிடைப்பதில்லை. 2020இல் வந்த மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள், எதிர்பாராத தடையானால் உத்தேச நேரத்தோடு நுகர்வோருக்குக் குறுஞ்செய்தி வழியாகவோ வேறு மின்னணு வழியாகவோ உடனே சொல்ல வேண்டும் என்கின்றன. கேட்பது நம் உரிமை; 'எத்தனை மணிக்கு எதிர்பார்க்கலாம்?' என்று ஒவ்வொரு அழைப்பிலும் கேளுங்கள். ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால், செயற்பொறியாளர் அலுவலகத்தில் நடக்கும் நுகர்வோர் குறைதீர்க் கூட்டத்துக்குப் புகார் எண்களைத் தேதி வாரியாக எழுதிக்கொண்டு போங்கள். எண் இல்லாத குறைக்கு அங்கே எடை குறைவு.

பொய்ச் சேதியைப் பிரித்தறிவது

'போன மாதப் பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30க்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த மின் அதிகாரியைக் கூப்பிடவும்' என்று ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. கூப்பிட்டால் பத்து ரூபாய் கட்டச் சொல்வார்கள், எனிடெஸ்க் போன்ற செயலியை இறக்கச் சொல்வார்கள். திரை அவர்கள் கைக்குப் போனதும் வங்கிக் கணக்கு காலி.

இதைக் கண்டுகொள்வது கடினமில்லை. மின்வாரியச் செய்தி பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது. எழுத்துகளாலான தலைப்பிலிருந்து வரும். உங்கள் இணைப்பு எண்ணும் யூனிட்டும் அதில் இருக்கும். பொய்ச் செய்தியில் 'அன்பான வாடிக்கையாளர்' என்பதோடு சரி. இரவில் யாரும் பியூஸ் கட்டையைப் பிடுங்க வரமாட்டார்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி 15 நாள் அறிவிப்பு கொடுத்தே துண்டிக்க முடியும். தலைப்பில் பழைய பெயரும் புதிய பெயரும் மாறிமாறி வருவதைப் பார்த்துச் சிலர் உண்மைச் செய்தியையே தடுத்துவிடுகிறார்கள். 1957இல் மின்வாரியம், 2010இல் டான்ஜெட்கோ, 2024இல் டிஎன்பிடிசிஎல் என்று பெயர் மாறியதால் வரும் குழப்பம் அது. பணம் போய்விட்டால் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு.

யாருக்கு எது?

வாடகைக்காரருக்குப் பணம் கட்டும் செயலியில் நினைவூட்டல், கைபேசியில் மின்னகத்து எண், அட்டையின் படம். இது போதும்.

வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு ஒருவர் படுத்திருந்தால் போதாது. ஐந்து லிட்டர் கருவி 300 முதல் 350 வாட் வரை இழுக்கும். மேலே சொன்ன பேட்டரியில் மூன்று மணி நேரம்தான். அந்த வீட்டில் வாரம் ஒரு முறை பார்ப்பது உதவாது. தினமும் ராத்திரி இணையதளப் பக்கத்தைப் பாருங்கள், மின்தடை நாளுக்கு சிலிண்டரை முந்தின நாளே வரவழையுங்கள். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் நிலைமையை ஒரு கடிதமாகக் கொடுத்து வைப்பதும் நல்லது.

ஜிகர்தண்டா கடை, ஐஸ்கிரீம் கடை, இட்லி மாவுக் கடைக்காரர்களுக்கு முந்தின நாள் மாலைச் சேதிதான் காசு. நிறைந்த ப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் உறைநிலை தாங்கும் என்பார்கள், பாதி நிறைந்தால் ஒரு நாள், சாதாரண பிரிட்ஜ் நான்கு மணி நேரம். மதுரை வெயிலில், வாடிக்கையாளருக்காக மூடியைத் திறந்து திறந்து மூடும் கடையில் அந்தக் கணக்கு நிற்காது. முந்தின நாளே தெரிந்தால் பால் வாங்குவதைக் குறைக்கலாம், மாவை விடியற்காலையிலேயே ஆட்டி முடிக்கலாம். இவர்களுக்கு இணையதளமும் காலை போன் அழைப்பும் இரண்டும் வேண்டும், ரத்தாகிவிட்டால் பால் வாங்காமல் விட்டதும் நட்டம்தான்.

அடுக்குமாடியில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்வது நல்லது. முந்தின இரவே மேல்தொட்டி நிரம்ப வேண்டும். லிப்ட் நிற்கும் நேரத்தைக் கீழே எழுதி ஒட்ட வேண்டும். பொது இணைப்புக்குத் தனி எண் உண்டு. அதன் குறுஞ்செய்தி பழைய சங்கச் செயலாளர் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தால் ஒரு நாள் லிப்டும் மோட்டாரும் பில் கட்டாமல் நிற்கும். பொறுப்பு மாறும்போது அந்த எண்ணையும் மாற்றுங்கள்.

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் லைன்மேனின் கைபேசி எண்ணே எல்லாவற்றையும்விட வேகம். தோட்டத்து மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வருகிறதா என்பதை அவரைக் கேட்டால் தெரிந்துவிடும். அவர் கம்பத்தில் ஏறியிருக்கும்போது போன் எடுக்கமாட்டார், திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது. தோட்டத்திலும் கடையிலும் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஜெனரேட்டரையும் மின்வாரிய லைனையும் பிரிக்கும் சுவிட்ச்) இல்லாமல் வீட்டு வயரில் நேரே செருகுவதை உடனே நிறுத்த வேண்டும். அந்தக் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியே பின்னோக்கி ஏறி, அணைத்த கம்பி என்று நம்பி மேலே நிற்கும் ஆளை அடிக்கும்.